முதலில் ஈறைப் பாருங்கள்: நாய் வளர்ப்போர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதியில் நாயின் பெயர் இருக்கிறது, எடை இல்லை. பெயரை வைத்துக்கொண்டு நான் அர்ச்சனையா செய்யப் போகிறேன்? எத்தனை கிலோ, என்ன வயது, கடைசியாக ஊசி போட்டது எப்போது என்று மூன்று விஷயம் எழுதுங்கள், போதும்.

நாய் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. என்ன மாத்திரை கொடுக்கலாம்? மிக அவசரம். (ஊர் எழுதவில்லை)

அவசரம் என்றால் கடிதம் எதற்கு? குட்டியா கிழடா, வாந்தி உண்டா, தண்ணீராவது குடிக்கிறதா, எதுவும் தெரியவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். வளர்ந்த நாய் வெயில் காலத்தில் ஒரு வேளைச் சோற்றை முகர்ந்துவிட்டுப் போனால் பயமில்லை. கடுவனாக இருந்து, பக்கத்துத் தெருவில் பெட்டை ஹீட்டில் (இணை தேடும் பருவத்தில்) இருந்தாலும் சோறு இறங்காது. ஆனால் ஒரு முழு நாள் சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடந்து, கூப்பிட்டால் வாலும் ஆட்டவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அரை நாள்தான் கெடு.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வெளுப்பு, மஞ்சள், நீலம் எது தெரிந்தாலும் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். ஈறே கறுப்பாக இருக்கும் நாய்க்குக் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்.

50 நாள் லேப்ரடார் குட்டி, வாங்கி நான்கு நாள் ஆகிறது. வாந்தி, ரத்தம் கலந்த பேதி, தாங்க முடியாத நாற்றம். விற்றவர் ஊசி போட்டாயிற்று என்றார். அம்மா மாதுளைத் தோல் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். (கரூர்)

போன் நம்பர் எழுதியிருந்ததால் அன்றே பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இந்த வயதில் இப்படி வந்தால், இல்லை என்று டெஸ்ட் சொல்லும்வரை பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமியைக் கொல்ல நம்மிடம் தனி மருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டியின் உடம்பு தானே ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். வாந்தி எடுக்கும் குட்டிக்குக் கஷாயம் புகட்டினால் புரையேறி நெஞ்சில் இறங்கும். அப்புறம் இரண்டு நோய்க்குப் பார்க்க வேண்டும்.

ஒரு ஊசி போட்டாயிற்று என்றால் காப்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை முதல் ஊசி சரியாகப் பிடிக்காது. ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை போட வேண்டும். வீட்டைப் பினாயில் போட்டுத் துடைத்தாலும் பார்வோ போகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். மண் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் கிருமி அது. ஊசி முடியாத இன்னொரு குட்டியை ஒரு வருஷத்துக்கு அங்கே கொண்டு வராதீர்கள்.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சலா? (நாகர்கோவில்)

இல்லை. தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். தெர்மாமீட்டரில் வாசலின் தடவி ஆசனவாயில் வையுங்கள். 101 முதல் 102.5 வரை சாதாரணம். 103 தாண்டினால் காட்டுங்கள், 105 என்றால் உடம்பில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே கிளம்புங்கள். ஐஸ் வேண்டாம்.

5 வயது பாம் (பொமரேனியன்), 4 கிலோ. பின்னங்காலை நொண்டியது. மெடிக்கலில் கேட்டதற்கு மனிதருக்குக் கொடுப்பதில் பாதி கொடுங்கள் என்று ஒரு வலி மாத்திரை தந்தார்கள். கொடுத்ததும் நன்றாக நடந்தது. தொடரலாமா? (சேலம்)

எடை எழுதியதற்கு நன்றி. மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள்.

யார் சொன்னது இந்தப் பாதிக் கணக்கை? 60 கிலோ மனிதருக்கு ஒரு மாத்திரை என்றால் 4 கிலோ நாய்க்கு எப்படிப் பாதி வரும்? கணக்கு சரியாக வந்தாலும் நாயின் ஈரல் மனித ஈரல் இல்லை. பாரசிட்டமால் 650 ஒன்றை உங்கள் பாம் விழுங்கினால் கிலோவுக்கு 160 மில்லிகிராம் ஆகிறது. கிலோவுக்கு 100 எட்டும் முன்பே ஈரல் அடிவாங்கத் தொடங்கிவிடும். கால்நடை டாக்டர் சில சமயம் இதே மருந்தை நாய்க்கு எழுதுவதுண்டு, அது கிலோவுக்குப் பத்து, பதினைந்து மில்லிகிராம் கணக்கில், ஈரல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைச் சுருட்டும். உங்களுக்குத் தந்தது கலப்பு மாத்திரையாக இருந்தால் இரண்டு தொல்லையும் ஒன்றாக வரும். வீட்டில் பூனையும் இருந்தால் பாரசிட்டமாலை அதன் கண்ணில்கூடக் காட்டாதீர்கள், அரை மாத்திரை போதும் அதைக் கொல்ல.

சில வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் துண்டில் சுற்றி ஒரு பாமைக் கொண்டுவந்தார். முகம் வீங்கியிருந்தது. உதட்டைத் தூக்கினேன், ஈறு வெந்த ஈரல் நிறம். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், "ஒன்றுமே கொடுக்கவில்லை சார், தயிர்சாதம்தான்" என்றார். மறுபடி மறுபடி கேட்டபின் சட்டைப் பையிலிருந்து பாரசிட்டமால் அட்டையை எடுத்தார். மூன்று குழி காலி. தயிர்சாதத்தில் நசுக்கிப் பிசைந்து, இரண்டு நாளில் மூன்று. அந்த விஷத்தை முறிக்க மருந்து இருக்கிறது, மனிதருக்குக் கொடுப்பதேதான். ஆனால் அதற்கு நேரத்தோடு வர வேண்டும். மூன்றாம் நாள் போய்விட்டது. அன்பில்லாதவர் இல்லை அவர். அட்டையை எடுத்து நீட்டியபோது கை நடுங்கியது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், கொடுத்திருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். நாங்கள் திட்டுவோம்தான், திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து உயிருக்கு உயிர் மாறும் என்பதற்கு நாய் வரை போக வேண்டாம். மாட்டுக்கு வலி தீர்த்த டைக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006ல் கால்நடைக்குத் தடை வந்தது. நீலகிரியை ஒட்டிய நம் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவற்றை இன்றைக்கும் எண்ணி எண்ணிக் காப்பாற்றுகிறார்கள்.

சரி, உங்கள் பாமுக்கு வருவோம். இந்தச் சின்ன ஜாதிகளுக்கு முழங்கால் சில்லு விலகுவது சகஜம். ஓடிக்கொண்டே மூன்று காலில் ஒரு தத்தல் தத்தி, பிறகு சரியாக நடக்கும். டாக்டர் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வலி மறைந்ததால் கால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஈறையும் பார்த்துவிடுங்கள், இன்றே. வாந்தி வந்தாலோ மலம் கறுத்தாலோ அட்டையோடு ஓடுங்கள்.

வாராவாரம் உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுகிறேன். குறையவே இல்லை. (தஞ்சாவூர்)

நீங்கள் பிடுங்குவது நாய்மேல் இருப்பதை. மற்றவை சுவர் விரிசலிலும் கட்டிலுக்கு அடியிலும் இருக்கின்றன. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எடைக்கேற்ற மெல்லும் மாத்திரையோ, பிடரியில் விடும் சொட்டு மருந்தோ டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், விரிசலைப் பூசுங்கள். மண்ணெண்ணெய் டப்பாவோடு நிற்கட்டும், நாய்மேல் தடவ வேண்டாம். சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர் இதில் ஒன்று வந்தாலும் ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சலில் ஒரு வகைக்கு டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் கொடுக்கச் சொல்வோம். ஐந்தாம் நாள் நாய் சோறு தின்றதும் நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து "மறுபடி வந்துவிட்டது" என்று வருவீர்கள்.

7 வயது ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டை. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பாடு குறைந்துவிட்டது. போன மாதம்தான் ஹீட் முடிந்தது. சர்க்கரை நோயா? (மதுரை)

கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கருத்தடை ஆபரேஷன் செய்யாத பெட்டைக்கு ஹீட் முடிந்த ஓரிரு மாதத்தில் வருவது. பின்பக்கம் சீழ் வடியவில்லை என்று நிம்மதி வேண்டாம், வாய் மூடிய கர்ப்பப்பைதான் இன்னும் ஆபத்து. ஸ்கேன் எடுங்கள். இன்று.

சொறி நாய்க்கு வண்டிக் கழிவு ஆயில் தடவலாமா? (தர்மபுரி)

கூடாது. வருஷத்துக்குப் பத்து முறையாவது எழுதுகிறேன். நக்கினால் விஷம், வெயிலில் தோல் வெந்துவிடும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எந்தப் பூச்சி என்று தெரியும், மருந்தும் மலிவுதான்.

வீட்டுக் குட்டி விளையாட்டாகப் பல் பதித்தது, லேசாக ரத்தம். 3 மாதக் குட்டி, ரேபிஸ் ஊசி இன்னும் போடவில்லை. (திருப்பூர்)

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம், இன்றே போங்கள். அது மனித டாக்டர் முடிவு செய்வது, என்னைக் கேட்பதல்ல. குட்டிக்கு 3 மாதம் ஆகிவிட்டதே, அதன் ஊசிக்கு எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

நாய் புல் தின்கிறது. (கோவை)

தின்னட்டும்.