பார்கின்சன் நோய் உள்ளவர் கதவருகே உறைந்து நிற்கிறார், தரையில் கோடு போட்டால் மட்டும் தாண்டி நடக்கிறார், ஏன்?

காலில் பலம் இல்லாததால் அல்ல. சாதாரணமாக நாம் அடுத்த அடியை யோசித்து வைப்பதில்லை, மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா அதைப் பார்த்துக்கொள்கிறது. பார்கின்சனில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தரும் மூளைச் செல்கள் அழிய அழிய, அந்தப் பகுதிக்கும், அசைவைத் திட்டமிடும் மூளைப் புறணிக்கும், நடையை இயக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே செய்தி ஒழுங்காகப் போவதில்லை, அதனால் ஒவ்வொரு அடியையும் கவனம் வைத்தே எடுக்க வேண்டியிருக்கிறது. வாசலைக் கடக்கும்போதும் திரும்பும்போதும் யாராவது பேச்சுக் கொடுக்கும்போதும் அந்தக் கவனம் சிதறுகிறது. பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது, உடம்பு மட்டும் முன்னால் போகிறது, சில நேரம் விழுந்தும்விடுகிறார்.

சரி, கோடு எப்படி உதவுகிறது? கண் வழியாக வரும் குறிப்பு, பழுதான பாதையை ஓரளவு சுற்றிக்கொண்டு அசைவைத் தொடங்கி வைக்கிறது. சீரான தாளச் சத்தமும் பலருக்கு இப்படியே உதவும்.

தயவுசெய்து அவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். பேச்சை நிறுத்திவிட்டு, எடையை ஒரு காலுக்கு மாற்றி மறுகாலைப் பெரிதாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டோபமைன் குறைவை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரையின் வேகம் குறையும் நேரத்தில்தான் உறைகிறாரா என்று கவனித்து நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து நேரத்தை மாற்றினாலே சிலருக்கு நன்றாகக் குறையும்.