எல்லை தாண்டி வரும் பிள்ளைகளும் நம் கிரீன் கார்டு வரிசையும்

தம்பி, ஹூஸ்டனுக்கு வந்து சில மாதங்களிலேயே அலுவலகச் சாப்பாட்டு மேசையில் இந்தச் சண்டை உங்கள் காதில் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஹோண்டுராஸ், குவாத்தமாலா, எல் சால்வடாரிலிருந்து தனியாக அமெரிக்க எல்லை தாண்டி வரும் பிள்ளைகளை அகதிகளாக ஏற்க வேண்டும் என்கிறார் ஒருவர். சட்டத்தை மீறி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதே முறை என்கிறார் இன்னொருவர். ‘நாம் வருஷக்கணக்கில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம், இவர்களுக்கு உடனே கொடுப்பது நியாயமா?’ என்பது உங்கள் கேள்வி.

வரிசை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தியர்களான நம் வரிசை நீளக் காரணம், வேலை மூலம் தரும் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்ற விதி. இங்கே வந்து அகதியாக ஏற்கக் கேட்பவர்களுக்குத் தரும் அடைக்கலத்துக்கு அப்படி ஆண்டு வரம்பு கிடையாது, அது தனிக் கணக்கு. ஒரு பிள்ளைக்கு அடைக்கலம் மறுக்கப்பட்டால் உங்கள் கிரீன் கார்டு தேதி ஒரு நாள்கூட முன்னால் வராது. பெற்றோர் கைவிட்ட பிள்ளைகளுக்கு வேறொரு வழி உண்டு. அதற்கு வரம்பு இருப்பதால் அவர்களும் நம்மைப் போலவே வருஷக்கணக்கில் நிற்கிறார்கள்.

‘உடனே’ என்பதும் சரியில்லை. 2008-ல் வந்த ஆள்கடத்தல் தடுப்புச் சட்டப்படி, இந்த நாடுகளிலிருந்து துணையின்றி வரும் பிள்ளையை 72 மணி நேரத்துக்குள் சுகாதாரத் துறையின் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். அங்கிருந்து இங்குள்ள உறவினர் வீட்டுக்குப் போகும். கையில் இருப்பது குடிவரவு நீதிமன்ற நோட்டீஸ் மட்டுமே. மெக்சிகோ பிள்ளைகளை எல்லையிலேயே திருப்பி அனுப்ப அதே சட்டம் இடம் தருகிறது.

சண்டை பெரிதாக வெடித்தது 2014-ல். அந்த நிதியாண்டில் தென்மேற்கு எல்லையில் 68,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தனியாக வந்து பிடிபட்டார்கள். கலிபோர்னியாவின் முரியட்டா ஊரில் தாய்மாரும் பிள்ளைகளும் வந்த பஸ்களை எதிர்ப்பாளர்கள் மறித்துத் திருப்பினார்கள். அதே வருஷம் ஐ.நா. அகதிகள் ஆணையம் 404 பிள்ளைகளிடம் பேசி, அவர்களில் 58 சதவீதம் பேர் சர்வதேசப் பாதுகாப்பு தேவைப்படக்கூடியவர்கள் என்றது.

நான் ஒரு சர்ச் குழுவோடு சேர்ந்து இந்தப் பிள்ளைகளை வக்கீல் அலுவலகத்துக்குக் காரில் கூட்டிப்போவது வழக்கம். ஹோண்டுராஸின் சான் பெட்ரோ சூலா நகரத்திலிருந்து வந்த ஒரு பையன், பதினாலு வயசு இருக்கும். ஏன் வந்தாய் என்று கேட்டால் ‘அம்மாவைப் பார்க்க’ என்ற ஒரே பதில்தான். அம்மா இங்கே வீடுகளில் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார், அதனால் அது பொய்யில்லை. எல்லையில் அதிகாரியிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறான். பல சந்திப்புகளுக்குப் பிறகு ஒருநாள், தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கிழித்துக்கொண்டே மெல்லச் சொன்னான்: மாமா ஓட்டிய பஸ்ஸுக்குக் கும்பல் வாராவாரம் மாமூல் வாங்கும். அதை வசூலித்துத் தரும் வேலைக்கு இவனை இழுத்தார்கள். மறுத்தான், அன்றோடு பள்ளிக்கூடம் போவது நின்றது.

முதல் பதிலை மட்டும் கேட்டவருக்கு இவன் குடும்பத்தோடு சேர வந்த பையன். கடைசிப் பதிலைக் கேட்டவருக்கு உயிருக்குப் பயந்து வந்தவன். இரண்டு தரப்பும் பேசுவது இந்த ஒரே பையனைப் பற்றித்தான்.

சட்டத்துக்குள்ளேயும் ஒருமித்த கருத்து இல்லை. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழு என ஐந்து காரணங்களில் ஒன்றால் துன்புறுத்தப்பட்டால்தான் அகதி. கும்பலுக்கு அடிபணியாத பிள்ளைகள் ஒரு ‘சமூகக் குழு’தானா? 2018-ல் குடிவரவு நீதிமன்றங்களுக்கு மேலான அட்டர்னி ஜெனரல் பதவியில் இருந்த ஜெஃப் செஷன்ஸ், கும்பல் வன்முறைக்குப் பொதுவாக அடைக்கலம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். 2021-ல் அந்தப் பதவிக்கு வந்த மெரிக் கார்லண்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். எந்த வருஷம் விசாரணைக்கு வந்தது என்பதே ஒரு பிள்ளையின் விதியை மாற்றிவிடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

எதிர்த்தரப்பின் ஒரு கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். பிள்ளையை அனுப்பினால் தங்கவிடுவார்கள் என்ற பேச்சை வைத்துத்தான் ஆள்கடத்தும் புரோக்கர்கள் குடும்பங்களிடம் ஆயிரக்கணக்கான டாலர் கறக்கிறார்கள். சரக்கு ரயில் கூரையில் வந்து கை கால் இழந்தவர்கள் உண்டு. ஆனால் அதற்காக, ஏற்கெனவே வந்து நிற்கிற பிள்ளையின் கதையைக் கேட்காமலே அனுப்பலாம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

எல்லோருக்கும் அகதி அந்தஸ்து கொடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வக்கீலும் பேச அவகாசமும் கொடுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள் என்கிறேன். குடிவரவு நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்குப் பொதுவாக வக்கீல் உண்டு. பிள்ளைக்கோ அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை இல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கும் குடிவரவுச் சட்டத்தைக் கற்றுத்தர முடியும் என்று ஒரு மூத்த குடிவரவு நீதிபதி வாக்குமூலத்தில் சொன்னது 2016-ல் வெளியே வந்தது. பெற்ற யாரும் அதை ஒப்ப மாட்டார்கள்.

உங்கள் மனைவி ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த ஊரில் இலவசச் சட்ட உதவி அமைப்புகளுக்கு மொழிபெயர்க்க ஆள் எப்போதும் தேவை. சம்பளமில்லாத தொண்டு பொதுவாக விசாவுக்கு இடைஞ்சல் இல்லை, இருந்தாலும் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் உங்கள் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: குவாத்தமாலா மலைப்பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி மாம் அல்லது கிச்சே. ஸ்பானிஷில் கேட்டால் புரியாமலே தலையாட்டுவார்கள். அப்படித் தெரிந்தால் உடனே வக்கீலிடம் சொல்லி, அந்த மொழி தெரிந்தவரை வரவழைக்கச் சொல்ல வேண்டும்.