படகு வாங்கச் சொன்னது யார்?

அன்புள்ள ஐயா,

எந்தக் கட்சி ஆண்டாலும் ஒன்றைக் கவனிக்கிறேன். ஒரு திட்டம் பொய்த்துப்போனால் சத்தமில்லாமல் கைவிடுகிறார்கள், அல்லது பெயரை மாற்றுகிறார்கள். "நாங்கள் செய்தது தவறு" என்று மட்டும் சொல்வதில்லை. இது வெறும் கௌரவப் பிரச்சினைதானா? சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒரு வாசகர், தொண்டி

அன்புள்ள நண்பருக்கு,

கௌரவமும் ஒரு காரணம்தான். எதிர்க்கட்சி அதையே சுவரொட்டி ஆக்கிவிடும் என்ற பயமும் உண்டு. ஆனால் நம் கரையில் நின்று பார்க்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. தவறு என்று ஒப்புக்கொண்ட மறுகணம், நட்டம் யார் கணக்கில் என்ற கேள்வி எழும்.

விசைப்படகையே எடுத்துக்கொள்ளுங்கள். பாய் விரித்து வள்ளத்தில் போன கரைக்கு, விசைப்படகு கடலடியில் இழுத்துவரும் வலையான இழுவைமடி தானாக வந்துவிடவில்லை. நார்வே உதவியோடு 1950களில் கேரளத்தில் தொடங்கிய மீன்வளத் திட்டம் 1960களில் மண்டபத்துக்கும் வந்தது. இறால் ஏற்றுமதி அந்நியச் செலாவணி தரும் என்று அரசே கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகுகளைப் பெருக்கியது. பாக் விரிகுடாவோ ஆழமில்லாத கடல். அடிமண்ணைச் சுரண்டிவரும் மடி மீன்குஞ்சையும் கடற்புல்லையும் சேர்த்தே அள்ளும்.

என் பெரியப்பா பாம்பனில் கடன் வாங்கிப் படகு இறக்கிய அன்று, அதிகாரி ஒருவர் வந்து மாலை போட்டார். பல வருடம் கழித்து ஒரு கூட்டத்தில் இன்னோர் அதிகாரி, "உங்கள் பேராசைதான் கடலை அழித்தது" என்று பேசினார். வீட்டுக்கு வந்த பெரியப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான். அரசு ஒப்புக்கொள்ளாத தவறு, அதன் சொல்லை நம்பியவன் தலையில் குற்றமாக இறங்குகிறது. இலங்கை வடபகுதித் தமிழ் மீனவர்கள், நம் இழுவைப்படகுகளால் அறுந்துபோன தம் வலைகளைக் காட்டிக் கேட்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அதற்கும் இங்கே கூலிக்குக் கடலுக்குப் போகிறவரே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017இல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. மூன்றாண்டில் 2,000 இழுவைப்படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகளைக் கொண்டுவருவது இலக்கு. படகு ஒன்று 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி தந்தது, மாநில அரசு 20 சதவீதம் தந்தது. மீதி 24 லட்சத்தில் 8 லட்சம் மீனவர் கைப்பணம், 16 லட்சம் வங்கிக் கடன். அரசு தந்தது சிறு தொகையல்ல, மறுக்கவில்லை. ஆனாலும் இலக்கை நெருங்கக்கூட முடியவில்லை. "பழைய படகை வாங்கச் சொன்னது நாங்கள்தான்" என்று முதலில் சொல்லியிருந்தால், இந்த 70 சதவீதத்துக்கு இழப்பீடு என்று பெயர் வந்திருக்கும். மீதி 24 லட்சத்தையும் மீனவர் உரிமையோடு கேட்டிருப்பார். உதவி என்று அறிவித்ததால் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

திருத்திக்கொள்ளவே முடியாது என்றும் இல்லை. 2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. எதிர்ப்பு எழவே, டிசம்பரில் சில இனங்களோடு நிறுத்திக்கொண்டது. அதனால் ஆட்சி ஒன்றும் கவிழவில்லை.

சொல்லிவிட்டால் என்ன குறையும் என்று கேட்டீர்கள். கஜானாவில் கொஞ்சம் பணம் குறையும். பெரியப்பா அந்தக் கூட்டத்திலிருந்து தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்திருப்பார்.