குளிசைக்கு காயுது, மறுகா கசியுது

கேள்வி: என்ர அவருக்கு 49 வயசு, சீனி வருத்தம் இருக்கு, வெள்ளாமை செய்யிறவர். ஏழு மாசத்துக்கு முதல் மோட்டார் சைக்கிள்ல விழுந்து காறை எலும்பு உடைஞ்சு தகடு வெச்சாங்க. இப்ப அந்த தழும்புல சின்ன ஓட்டை விழுந்து சிதள் கசியுது, குளிசை குடிச்சா காயும் மறுகா வரும். எக்ஸ்ரேல பெரிசா ஒண்டும் இல்லயாம். மாமி எண்ணெய் போட்டு உருவச் சொல்றாங்க. தகட்டை கழட்டினா எலும்பு திரும்ப உடைஞ்சிருமா?
- ஒரு சகோதரி, திருக்கோயில்

பதில்: தங்கச்சி, முதல்ல உருவுறத விடுங்க, சிதள் உள்ள இடத்த அமத்தவே கூடாது.

காயுது மறுகா வருது எண்டு எழுதியிருக்கீங்களே, அத வாசிச்ச உடனே எனக்கு கவலையாப் போச்சு, ஏனெண்டா எலும்புலயோ தகட்டுலயோ கிருமி இருந்தாத்தான் அனேகமா இப்பிடி நடக்கும். குளத்துப் படிக்கட்டுல பாசி பிடிக்கிற மாதிரி தகட்டுல கிருமி படையா ஒட்டிக்கொள்ளும், மருந்து அதுக்குள்ள லேசில போகாது. செத்துப்போன எலும்புத் துண்டு உள்ளுக்க கிடந்தாலும் அதுக்கு ரத்த ஓட்டமே இல்ல, மருந்து எப்பிடிப் போய்ச் சேரும்? எக்ஸ்ரேல சில நேரம் தெளிவாத் தெரியாது, தகடும் மறைக்கும். உள்ளுக்க கிருமித் தாக்கம் இருக்கா எண்டு காட்டுற ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்த டெஸ்டும் தேவையெண்டா சிடி, எம்ஆர்ஐயும் செய்வாங்க.

நான் கெஞ்சிக் கேக்குறது ஒண்டுதான், என்ன கிருமி எண்டு தெரியாம இன்னொரு அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடுக்காதீங்க. வெளியால வழியிற சிதள பஞ்சுல தொட்டு அனுப்பினா தோல்ல உள்ள கிருமியும் சேந்து வந்து குழப்பும், ஒப்பரேஷன் நேரம் உள்ளுக்க இருந்து எலும்புத் துண்டு எடுத்து கல்ச்சருக்கும் (கிருமிய வளத்துப் பாக்கிறது) பயொப்சிக்கும் (எலும்ப மைக்ரோஸ்கோப்புல பாக்கிறது) அனுப்பணும். அதுக்கு முதல் கொஞ்ச நாள் மருந்த நிப்பாட்டச் சொல்லுவாங்க, ஆனா அத டொக்டர்தான் முடிவு எடுக்கணும். கூடுதலா பிடிக்கிறது ஸ்டெபிலோகொக்கஸ் எண்ட கிருமிதான், ஆனா சீனியோட வயல் சேத்துல நிக்கிற ஆள் எண்டா மெலியோய்டோசிஸையும் ரிபியையும் (காச நோய்) பாக்கச் சொல்லிக் கேளுங்க. மெலியோய்டோசிஸ் மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற கிருமியால வாறது, இலங்கையில 1927லயே எழுதி வெச்ச வருத்தம், மழை காலத்துல கூடும், வழமையா குடுக்கிற கனக்க அன்ரிபயோட்டிக்குக்கு அடங்காது. அது எலும்புல எண்டா ஊசியே 6 கிழமை, பிறகு குளிசை 6 மாசம். மத்தக் கிருமிக்கும் சாதாரணமா 6 கிழமையாவது மருந்து போகும், காயம் ஆறிட்டு எண்டு பாதியில விட்டா திரும்பவும் இதே கதைதான்.

தகட்டப் பத்தி: எலும்பு பொருந்தியிருந்தா கழட்டி, செத்த எலும்பையும் சுரண்டி எடுத்திருவாங்க. பொருந்தாட்டி எலும்பு அசையாம இருக்க வேற வழி பாப்பாங்க. காறை எலும்புல கொஞ்சம் எடுத்தாலும் கனபேருக்கு கை நல்லா வேலை செய்யும், பயப்படாதீங்க. ஆனா அதுக்கு கீழ பெரிய ரத்தக்குழாயும் நுரையீரல் நுனியும் இருக்கு, அதால மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மாதிரி எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் உள்ள இடத்துக்கே போங்க. சீனியையும் இறக்கி வெக்கணும், இல்லாட்டி காயம் லேசில மூடாது.

நடுக்கத்தோட காய்ச்சல், மூச்செடுக்க கஷ்டம் எண்டு வந்தா கிளினிக் நாளப் பாக்காம அண்டைக்கு ராவே கொண்டு போங்க. தகடு வெச்ச நேரத்து டயக்னோசிஸ் கார்டையும், இதுவரை குடிச்ச குளிசைகள்ர மட்டையையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.