தாசி, மைனர், மேகநோய்: பழைய நாவல்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர் குழுவில் இந்த மாதம் நூறாண்டுக்கு முந்தைய சீர்திருத்த நாவல்களைப் பற்றிப் பேசினேன். அதன் பிறகு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

டீச்சர், தமிழில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்', 1936. தலைப்பைப் பார்த்து மஞ்சள் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மையார் தாசி வீட்டில் வளர்ந்தவர், பிறகு சுயமரியாதை இயக்கத்தில் இறங்கியவர். பெண்களைக் கோயிலுக்குத் தாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. பாத்திரங்கள் அடிக்கடி மேடைப் பேச்சு பேசும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைனர் என்றால் வயது குறைந்தவனா?

அப்பன் செத்து, சட்டப்படி வயது வராமலே சொத்துக்கு வாரிசான ஜமீன் பையன். அப்புறம் நாற்பது வயதுக்காரனும் மைனர்தான், செயின் போட்டிருந்தால் போதும்!

அக்கா, மேகநோயைப் (சிபிலிஸ்) பற்றி வெளிப்படையாக எழுதியவர் யார்?

பிரான்சில் யூஜின் பிரியூ. 1901-இல் அவர் எழுதிய நாடகத்தைத் தணிக்கைக்காரர்கள் மேடையேற விடவில்லை. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் 1913-இல் அதை 'டேமேஜ்டு குட்ஸ்' என்று நாவலாக்கினார். கல்யாணம் நிச்சயமான ஒருவனுக்கு மேகநோய். மூன்று நான்கு வருஷம் பொறு என்கிறார் டாக்டர். அவனோ போலி வைத்தியனை நம்பி மணமுடித்துவிடுகிறான். பிறந்த குழந்தைக்கும் நோய். பாலூட்ட வந்த கூலிப்பெண்ணுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும், பாட்டி அவளை விட மனமில்லாமல் இருக்கிறாள். பெரிய வீட்டுப் பிள்ளை பிழைக்கட்டும், கூலிக்காரி உடம்பு எப்படிப் போனால் என்ன? தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊசி போட்டால் தீராதா?

இப்போது தீரும். கிருமியைக் கண்டதே 1905-இல்தான். 1906-இல் ரத்தப் பரிசோதனை, 1910-இல் '606' என்ற ஆர்செனிக் மருந்து. பெனிசிலின் 1943-இல்தான் இந்த நோய்க்கு வந்தது. அதற்கு முன் பாதரசம். பல் ஆடும், எச்சில் ஒழுகும். சித்த வைத்தியத்தில் பறங்கிப்பட்டை என்ற மூலிகை கொடுப்பார்கள். நோய்க்கும் பறங்கிப்புண் என்றே பெயர், வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தது என்ற கணக்கில்.

எல்லாப் பழியும் பொம்பளை மேல்தானா, டீச்சர்?

பல நாவல்களில் ஆமாம். மோசவலை என்ற பெயரிலேயே அந்த வாடை இருக்கிறது, அம்மையாரை எவ்வளவு மதித்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். பிரேம்சந்தின் 'சேவாசதன்' வேறு மாதிரி. 1919-இல் இந்தியில் வந்தது. சுமனுக்கு வரதட்சணை சேர்க்க அப்பா லஞ்சம் வாங்கி ஜெயிலுக்குப் போகிறார். ஏழைக்கு வாழ்க்கைப்பட்ட அவளை, ஒரு ராத்திரி நேரம் கழித்து வந்தாள் என்று புருஷன் வெளியே தள்ளுகிறான். போக்கிடம் இல்லாமல்தான் அவள் தாசித் தெருவுக்குப் போகிறாள். நகரசபைக்காரர்களோ அந்தத் தெருவை ஊருக்கு வெளியே தள்ளுவது பற்றி விவாதிக்கிறார்கள்! 1938-இல் தமிழில் படமாகவும் வந்தது, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அதுதான் முதல் படம்.

தோட்டத்து சனங்களுக்கு இதெல்லாம் எட்டியதா?

1929 கடைசியில் பெரியார் மலாயா வந்தார், ஈப்போவிலும் பேசினார். எங்கள் தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர். கள்ளுக்கடை மூடியதும் லயத்துத் திண்ணையில் பெரியாரின் 'குடி அரசு' பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பாராம். பாட்டி கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாராம்.

அம்மையார் புத்தகம் இரவல் கிடைக்குமா, அக்கா?

ஒரே பிரதிதான், அட்டையும் போய்விட்டது. ஞாயிறு கொண்டுவருகிறேன். போன முறை தே தாரேக் தேநீர்க் கறையோடு திரும்பி வந்தது, ஞாபகமிருக்கட்டும்.