உத்தரவு வந்ததும் யாரைப் பார்த்தீர்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்திரண்டு வருடமாக ராணுவத்தில் இருக்கிறேன். போன வருடம் எங்கள் பிரிவுக்கு ஒரு பெண் கேப்டன் வந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் ஏதாவது உத்தரவு கொடுத்தால், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நிற்கும் சீனியரின் முகத்தைத்தான் பார்ப்போம். சீனியர் தலையசைத்த பிறகுதான் நகர்வோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. கேப்டன் அந்தப் பக்கம் போனதும் நடக்கும் பேச்சுகளை இங்கே எழுத முடியாது. நான் அப்படிப் பேசியதில்லை. சிரித்திருக்கிறேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ராணுவத்தில்தான் சேருவேன் என்கிறாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. இதெல்லாம் எப்படி மாறும் அக்கா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அந்தத் தலையசைப்பைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உத்தரவு நிறைவேறிவிட்டது, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த கேப்டன் புகார் கொடுப்பதென்றால் என்னவென்று எழுதுவார்? ஆனால் தன் சொல் இன்னொருவர் தலை அசைந்தால்தான் செல்லும் என்பதை அவர் தினமும் பார்க்கிறார். கொஞ்ச நாளில் அவரே அலுத்துப்போய், சீனியரிடம் சொல்லி அவர் வழியாக உங்களிடம் சொல்ல ஆரம்பிப்பார். அப்புறம், இவருக்கு ஆட்களை நடத்தத் தெரியவில்லை என்று யாராவது குறிப்பு எழுதுவார்கள்.

இந்தப் பழக்கத்தையே காரணமாகக் காட்டி நீதிமன்றத்தில் வாதாடியும் இருக்கிறார்கள். படைவீரர்கள் பெரும்பாலும் கிராமப் பின்னணியிலிருந்து வரும் ஆண்கள், பெண்ணின் தலைமையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. யோசித்துப் பாருங்கள், உங்களைக் காட்டித்தான் பெண் அதிகாரிகளைத் தடுத்தார்கள். 2020 பிப்ரவரி 17 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, பெண் அதிகாரிகளுக்கும் பர்மனன்ட் கமிஷன், அதாவது ஓய்வு பெறும் வயது வரை பணியில் தொடரும் உரிமை, தரச் சொன்னது.

2021 மார்ச்சில் வந்த அடுத்த தீர்ப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பெண்களுக்கு பர்மனன்ட் கமிஷன் கிடையாது என்றிருந்த காலத்தில், எப்படியும் போகப்போகிறவர்கள்தானே என்று அவர்களுடைய வருடாந்திர ரகசிய அறிக்கைகளை ஏனோதானோவென்று எழுதி வைத்திருந்தார்கள். பின்னாளில் அவர்களை எடைபோட அதே அறிக்கைகளை எடுத்தார்கள். ஆண்களுக்கு ஐந்தாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ பார்த்த உடல்தகுதியை, நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் எதிர்பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான், ஆனால் அடி விழுந்தது பெண்கள் மேல். இதுவும் பாகுபாடுதான் என்று நீதிமன்றம் சொன்னது. யாரும் கெட்ட வார்த்தை பேசாமலே, ஒரு கோப்பே இதைச் செய்துவிடும்.

சரி, சிரிப்புக்கு வருகிறேன். ஜப்பான் தற்காப்புப் படையில் கொனோய் ரினா என்ற இளம்பெண் இருந்தார். 2021 ஆகஸ்டில் ஒரு பயிற்சியின்போது, உடன் பணிபுரிந்த ஆண்கள் அவரைக் கீழே தள்ளி, பாலியல் ரீதியாக அவமானப்படுத்தினார்கள். சுற்றி இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மேலிடத்தில் புகார் சொன்னபோது, பார்த்தவர்களில் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல முன்வரவில்லை. முதலில் வழக்கே நிற்கவில்லை. 2022-ல் வேலையை விட்டுவிட்டு, தன் முகத்தையும் பெயரையும் காட்டி ஊரறியப் பேசிய பிறகுதான் விஷயம் நகர்ந்தது. 2023 டிசம்பரில் மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. நான் அந்த மூவரைவிட, சிரித்தவர்களைத்தான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். அன்று ஒருவர் 'நிறுத்துங்கடா' என்று சொல்லியிருந்தால்? நீங்கள் சிரித்ததும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் எதைச் சொன்னால் இங்கே சிரிப்பு வரும் என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த அடியை எடுத்து வைப்பார்கள்.

ராணுவத்தில் பணியாற்றிய தோழி ஒருத்தி சொன்னாள்: நீண்ட அணிவகுப்பு இருந்தால் அவள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டாளாம். ஒதுங்க இடம் இருக்காது, கேட்டால் கேலி செய்வார்கள். ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள். பெண்ணுக்குத் தெம்பில்லை என்றார்களாம்.

எப்படி மாறும் என்று கேட்டீர்கள். முதலில் புகார் போகிற பாதை மாற வேண்டும். லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர், அறிக்கை எழுதுகிறவர், புகாரை வாங்குகிறவர் எல்லாம் ஒரே ஆளாக இருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? அமெரிக்காவில் 2020-ல் வனெசா கியென் என்ற இருபது வயது வீராங்கனை தன் முகாமிலேயே சக வீரரால் கொல்லப்பட்டார். அதற்கு முன் வேறொரு மேலாள் அவருக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததும், தெரிந்தும் அவருடைய பிரிவின் பொறுப்பாளர்கள் நடவடிக்கை எடுக்காததும் ராணுவ விசாரணையிலேயே வெளியே வந்தன. அதன் பிறகு சட்டம் மாறியது. 2023 இறுதியிலிருந்து, பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களில் வழக்குத் தொடர்வதா என்பதை கமாண்டர் முடிவு செய்வதில்லை. தனி ராணுவ வழக்கறிஞர்கள் முடிவு செய்கிறார்கள். எல்லா ராணுவத்துக்கும் இது வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டம் உங்கள் கையில் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருட சர்வீஸ் என்றால், இன்னும் கொஞ்ச நாளில் அந்த சீனியர் நீங்கள்தான். பையன்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது தலையசைக்காதீர்கள். "என்னை ஏன் பார்க்கிறே? மேடம் சொல்லியாச்சு, கிளம்பு" என்று சொல்லுங்கள், அவர் காதுபடவே சொல்லுங்கள். அந்தப் பேச்சு ஆரம்பித்தால் சிரிக்காமல் எழுந்து போவது மட்டும் போதாது. அங்கேயே இருந்து, போதும் என்று சொல்லுங்கள்.

மகளிடம் எதையும் மறைக்க வேண்டாம். எனக்கு எழுதியதை அவளுக்கும் சொல்லுங்கள், நீங்கள் சிரித்ததையும் சேர்த்து. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுவீர்களா?

அன்புடன்,
அக்கா