எம்1 கேரண்ட் ரைஃபிள்: வாயு அமைப்புக் (சுடும்போது வரும் வாயுவால் போல்டைத் திறக்கும் அமைப்பு) கோளாறுகள், கேள்வி பதில்

கேள்வி: எட்டாவது தோட்டா சுட்ட பிறகும் கிளிப் (எட்டுத் தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு) வெளியே வருவதில்லை. போல்ட் (தோட்டா அறையை மூடும் பாகம்) திறந்து நிற்காமல் மூடிக்கொள்கிறது. நடுவிலும் காலி உறை சிக்குகிறது. எங்கிருந்து தொடங்குவது, சார்?

பதில்: போல்ட் பின்பக்கம் முழுத் தூரம் போகவில்லை. கிளிப்பை எடுத்து, அறை காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

முதலில் சிலிண்டர் (குழல் முனையில் வாயுவைப் பிடிக்கும் உருளை) முன்னால் அதை அடைக்கும் லாக் ஸ்க்ரூ. தளர்ந்திருந்தால் பிஸ்டனைத் தள்ள வேண்டிய வாயு அங்கேயே கசிந்துவிடும். வால்வு உள்ள பிந்தைய வகை என்றால், வால்வு உட்காரும் இடத்தில் கரி இருந்தாலும் இதே கசிவுதான். துடைத்து, இறுக்கி, ஒரு கிளிப் சுட்டுப் பாருங்கள்.

தீரவில்லையா? மைக்ரோமீட்டரை எடுங்கள். ஆபரேட்டிங் ராடின் (வாயு தள்ளும்போது பின்னால் போய்ப் போல்டைத் திறக்கும் நீண்ட கம்பி) பிஸ்டன் முனை புதிதில் சுமார் 0.526 அங்குலம், 0.525-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். சிலிண்டரின் உள்விட்டம் 0.532-ஐத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடக் கூட அழுத்தம் பக்கவாட்டில் வீணாகும். சிலிண்டரை ஒரே இடத்தில் அளக்காதீர்கள். குறுக்கும் நெடுக்குமாக அளந்தால்தான் வட்டம் கெட்டிருப்பது தெரியும்.

கேள்வி: பிஸ்டனில் கரி கெட்டியாகப் படிந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன அளவில் ஆயிரத்தில் ஓர் அங்குலம்கூடப் பெரிய விஷயம். பக்கச் சுவரை உப்புத்தாளால் தேய்த்தால் நல்ல ராடை நீங்களே தேய்ந்த ராடாக்கிவிடுவீர்கள். கரைப்பானில் ஊறவைத்து, முகப்பில் இருப்பதை மட்டும் பித்தளைச் சுரண்டியால் எடுங்கள்.

கேள்வி: சிலிண்டருக்குள் எண்ணெய்?

பதில்: கூடாது. சூட்டில் எண்ணெய் கருகிக் கெட்டிக் கரியாகிவிடும். உலர்ந்தே இருக்கட்டும். கிரீஸைப் போல்டின் லக்குகளுக்கும் (பூட்டும் முனைகள்) ராடு ஓடும் பள்ளத்துக்கும் மட்டும் போடுங்கள்.

கேள்வி: அண்ணா, அளவெல்லாம் சரியாக இருக்கிறது. ராடு வளைந்து தெரிகிறது. நிமிர்த்தினால் சரியாகுமா?

பதில்: தொடாதீர்கள் தம்பி. குழலையும் கைப்பிடியையும் உரசாமல் ஓடவே அதை அப்படி வளைத்துச் செய்திருக்கிறார்கள். கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சாய்வுச் சோதனை போதும். ராடு ஸ்பிரிங்கையும் ஃபாலோயர் பாகங்களையும் (தோட்டாக்களை மேலே தள்ளுபவை) எடுத்துவிடுங்கள். மரக்கட்டை இல்லாமல் குழல், சிலிண்டர், போல்ட், ராடு மட்டும் பூட்டி, குழல் முனை மேலே இருக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். ராடு தன் எடையிலேயே பின்னால் வழுக்கிப் போல்டைத் திறக்க வேண்டும். கீழே சாய்த்தால் மூட வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே உரசல் பளபளப்பைத் தேடுங்கள். பிறகு மரக்கட்டையையும் பூட்டி, சுத்தியலைப் பின்னுக்கு வைத்து மறுபடி. இப்போது மட்டும் நின்றால் குற்றம் மரத்தில்தான்.

ஸ்பிரிங் நீளத்தையும் பாருங்கள். 19 அங்குலத்துக்குக் கீழே குறுகியிருந்தால் மாற்றுங்கள். தளர்ந்த ஸ்பிரிங் போல்டை வேகமாகப் பின்னால் விடும், அடுத்த தோட்டாவை முன்னே தள்ளும்போது திணறும்.

கேள்வி: கடையில் கிடைக்கும் 180 கிரெயின் (குண்டின் எடை அளவு) வேட்டைத் தோட்டாக்களைச் சுடலாமா?

பதில்: இங்கேதான் நல்ல ரைஃபிள்கள் பாழாகின்றன. இந்தத் துப்பாக்கி எம்2 பால் என்ற இராணுவத் தோட்டா போன்ற, ஏறத்தாழ 150 கிரெயின் குண்டுக்கும் நடுத்தர வேகத்தில் எரியும் வெடிமருந்துக்கும் பொருந்தியது. வாயுத் துளை குழல் முனைக்கு அருகில் இருக்கிறது, விட்டம் சுமார் 0.079 அங்குலம். மெதுவாக எரியும் மருந்து அறையில் பாதுகாப்பான அழுத்தம் காட்டினாலும், குண்டு துளையைக் கடக்கும்போது மிச்ச அழுத்தம் அதிகமாக இருக்கும். ராடு வளையலாம், ரிசீவரின் (போல்ட் ஓடும் உடல் பாகம்) பின்பகுதியும் அடிவாங்கும். கேரண்டுக்கென்று தயாரித்த தோட்டாவை வாங்குங்கள். கூடுதல் வாயுவை வெளியே விடும், துளையிட்ட அல்லது அளவு மாற்றக்கூடிய லாக் ஸ்க்ரூவும் உதவும், ஆனால் அளவு மாற்றக்கூடியதில் குறைந்த வாயுவில் தொடங்கி, எட்டாவது தோட்டாவுக்குப் பிறகு போல்ட் நம்பகமாகத் திறந்து நிற்கும் வரை மெல்லக் கூட்டுங்கள்.

கேள்வி: சிலிண்டர் பக்கவாட்டில் ஆடுகிறது. சுழற்சி (சுட்டு, உறை வெளியேறி, அடுத்த தோட்டா ஏறுவது) சரியாகவே இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: சுழற்சிக்குக் கெடுதல் இல்லை, குறிக்குக் கெடுதல். முன் பார்வைக் குறி சிலிண்டர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது ஆடினால் குண்டு விழும் இடமும் நகரும். லாக்கை (சிலிண்டரைக் குழலில் பிடித்து வைக்கும் வளையம், ஸ்க்ரூ இதில்தான் ஏறும்) கையால் திருகும்போது ஆறு மணி நிலையை (நேர் கீழே) எட்டும் முன்பே இறுகிவிட்டால் வேறு லாக் போட்டுப் பாருங்கள். சற்றே தாண்டி இறுகினால், பின்னுக்குத் திருப்பி நேராக்கி ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

கேள்வி: பழைய இராணுவத் தோட்டா சுட்டேன். சாதாரண எண்ணெய் துடைப்பு போதுமா?

பதில்: அரிக்கும் பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள, உலோகத்தை அரிக்கும் எச்சம் விடும் தீமூட்டி) என்றால் போதாது. அது விட்டுச்செல்வது உப்பு, எண்ணெயில் கரையாது. அன்றைக்கே வெந்நீரால் குழலையும் சிலிண்டரையும் பிஸ்டனையும் கழுவி, நன்றாக உலர்த்தி, குழலுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். வால்வு ஸ்க்ரூவையும் கழற்றிக் கழுவுங்கள். அதன் உள்ளே தங்கும் உப்பு வெளியே தெரியாது.